பிறத்தியார் கையால் தொண்டு செய்பவர்

தொண்டர்களில் ஒரு வகை உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்தான், பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். பொதுக் காரியம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார், கடைசி ஆளாக வீட்டுக்குப் போவார், நடுவில் ஓயாமல் நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் யார் தோளையாவது தட்டிக்கொண்டும் இருப்பார், பார்க்கிறவர்களுக்கெல்லாம் இந்த மனிதர் இல்லாவிட்டால் ஊர் என்ன ஆவது என்று கவலையே வந்துவிடும். ஆனால் விழா முடிந்தபின் ஒரு நாற்காலியையாவது அவர் மடித்து நீங்கள் பார்த்ததுண்டா? நானும் பார்த்ததில்லை. அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறிக்கு இவ்வளவு அலைச்சல் தாங்காது. அவர் தொண்டு செய்கிறவர்தான். பிறத்தியார் கையால் செய்கிறார், அவ்வளவுதான்.

விஸ்கான்சினில் எங்கள் எல்க் பெண்ட் ஊரில் இந்த வகைக்கு வெர்லின் டால்பெர்க் என்று பெயர். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயது, ஆறடி உயரம், எதையும் தூக்கிப் பழக்கமில்லாத அழகான கைகள். ஊர்ச் சேவைக்கென்று இருக்கிற எல்க் பெண்ட் லாந்தர் கிளப்பில் பதினொரு வருடமாக இளைஞர் பணித் தலைவர். நான் அதே கிளப்பின் செயலாளர். மருந்துக்கடைக்காரன், பெயர் சோமசுந்தரம், ஊருக்கு சாம். செயலாளர் ஆக வேண்டுமென்று நான் ஆசைப்பட்டதில்லை. ஒரு கூட்டத்தில் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "சாம் ஆசையா ஒத்துக்கிட்டாரு" என்று வெர்லின் அறிவித்திருந்தார்.

கிளப்பில் நாற்பத்தொரு பேர். வியாழக்கிழமை மதியம், நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள உணவகத்தின் பின்னறையில் கூடுவோம். மணி அடிக்கும், பாட்டு பாடுவோம், குழம்பு ஊற்றிய மாட்டிறைச்சி சாண்ட்விச் வரும். பிறகு வெர்லின் எழுந்து ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றுக்கு விடுவார். பான்கேக் காலை விருந்துக்கு ஆள் வேண்டும், நெடுஞ்சாலையோரம் குப்பை பொறுக்க ஆள் வேண்டும், பள்ளிப் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப்போக ஆள் வேண்டும். தாள் எப்போதும் அறையின் அந்தக் கோடியில்தான் புறப்படும். சுற்றிச் சுற்றி அவரிடம் வந்து சேரும்போது நிரம்பியிருக்கும். "அடடா, எனக்கு இடமே விடலியேப்பா" என்று வருத்தப்படுவார். வருத்தம் உண்மையானது, அதுதான் இந்த வகையின் விசேஷம். பான்கேக் விருந்தன்று பெயர் பின்னிய வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கைகுலுக்குவார். பதினொரு வருடத்தில் அந்த ஏப்ரனில் ஒரு சொட்டு மாவு பட்டதில்லை.

அவருடைய ஆயுதம் ஒரே ஒரு சொல். நான் பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தில் 'நாங்கள்' உண்டு, அதில் கேட்பவர் சேரமாட்டார். 'நாம்' உண்டு, அதில் கேட்பவரும் சேர்த்தி. வெர்லின் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த 'நாம்' எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும், சொல்லுகிறவரை மட்டும் விட்டுவிடும். "நாம இதைச் செஞ்சே ஆகணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் கண் உங்கள்மீது வந்து நின்றால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போயிற்று என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் இளம் லாந்தர் சங்கம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் போய் அவர்கள் முன் நின்று ஒரே பேச்சைப் பேசுவார். "யோசனை உங்களோடது, திட்டம் உங்களோடது, தலைவர்கள் நீங்கதான். நாங்க உங்க பின்னாடி நிப்போம், அவ்வளவுதான்." பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிறகு அவர் சொல்கிற இடத்தில் அவர் சொல்கிற நிறத்தில் தெருவோரத் தீயணைப்புக் குழாய்களுக்கு வர்ணம் அடிப்பார்கள். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பத்து வருடம் இப்படி ஓடியது.

பதினோராவது வருடம், சங்கத் தலைவியாக மாய்ஸீ தாவ் வந்தாள். பதினாறு வயது. அவளுக்கு ஒரு குறை இருந்தது. பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடுவாள்.

யோசனை எங்களுடையது என்றாரே என்று, அவளும் இன்னும் எட்டுப் பிள்ளைகளும் அக்டோபர் மாதம் முழுவதும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்கு என்ன வேணும், எது கிடைக்கல?" முந்நூறு வீட்டில் கேட்டார்கள். நூலகம் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கலாம் என்றார்கள் சிலர். பக்கத்து வீட்டு நாயை ஒழித்துக்கட்டினால் போதும் என்றார்கள் பலர். மில் தெருவில் ஆர்லிஸ் க்விஸ்ட் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை ஒரு கார் வேணும்" என்றார்.

ஆர்லிஸுக்கு எழுபத்துநாலு வயது. இருபத்தேழு வருடம் பள்ளிச் சமையலறையில் கரண்டி பிடித்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் முப்பத்தெட்டு மைல் தள்ளி மார்ஸ்டனுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முன்பு மாவட்ட வேன் அழைத்துப் போனது, அதை நிறுத்திவிட்டார்கள். வியாழனும் சனியும் பக்கத்து வீட்டு கோரின் அரை நாள் விடுப்புப் போட்டு அழைத்துப் போவாள். செவ்வாய்க்கிழமை கோரினுக்கு வேலையில் விடுப்புக் கிடைக்காது. அதனால் ஆர்லிஸ் செவ்வாயை விட்டுவிட்டார்.

"விட்டுட்டா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று மாய்ஸீ கேட்டாளாம்.

"மூணுல ரெண்டு பரவாயில்லம்மா. நான் சமைச்ச சாப்பாட்டுக்கு நீங்கல்லாம் அவ்வளவுகூட மார்க் போட்டதில்ல."

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மாய்ஸீ எங்கள் கூட்டத்துக்கு வந்து, குழம்பு ஆறிக்கொண்டிருக்கும்போதே விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைகள் நோயாளிகளை வைத்துக் காரோட்டப் பள்ளி அனுமதிக்காது. பெரியவர்கள்தான் ஓட்ட வேண்டும்.

"வருஷத்துக்கு அம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமை" என்றாள். "நீங்க நாப்பத்தொரு பேர். ஆளுக்கு ஒரு நாள். பதினொரு பேர் மட்டும் ரெண்டு நாள் போகணும். அவ்வளவுதான்."

அறையில் நாற்பத்தொரு பேரும் சாண்ட்விச்சைக் கவனமாகப் பார்த்தோம். நானும்தான். காலில் நாடா அவிழ்ந்திருக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தேன்.

வெர்லின் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "இந்தப் பொண்ணைப் பாருங்க. இதுதான் தலைமைப் பண்பு. நாம இதை இப்படியே விடக்கூடாது." கைதட்டினோம். பலமாகவே தட்டினோம், தட்டுகிற கையால் வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்காது அல்லவா? 'பலத்த கைதட்டல்' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதியவன் நான்தான். பிறகு இதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் வெர்லின்.

குழு மூன்று மாதம் ஆராய்ந்தது. வண்டி ஓட்டுவது என்றால் இன்ஷூரன்ஸ் சிக்கல் இருக்கிறது, பனியில் சாலை சரியில்லை, ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள். ஏப்ரலில் முடிவு வந்தது. காருக்காகக் காத்திருக்கிற முதியவர்கள் உட்கார, மில் தெரு முனையில் ஒரு பெஞ்சு.

மாய்ஸீக்கு முதலில் புரியவில்லை. "கார் யாரு ஓட்டுறா?"

"முதல்ல ஒரு விழிப்புணர்வு வரணும்மா. பெஞ்சைப் பாத்தா ஜனங்களுக்குத் தோணும், இங்க யாரோ காத்துக்கிட்டிருக்காங்கன்னு. அப்புறம் தானா நடக்கும்."

"அவங்க வீட்டுலயே நாற்காலி இருக்கு, மிஸ்டர் டால்பெர்க்."

"நீ சின்னப் பொண்ணு. போகப் போகப் புரியும்."

பிள்ளைகள்தான் பெஞ்சைச் செய்தார்கள். பள்ளித் தச்சுப் பட்டறையில் ஓக் மரத்தை அறுத்து, இழைத்து, தேய்த்து, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் குழி தோண்டி நட்டார்கள். வெர்லின் பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றார். பித்தளைத் தகட்டில் கிளப்பின் பெயரும் இளைஞர் பணித் தலைவரின் பெயரும் பொறிக்கப்பட்டன. பிள்ளைகளின் பெயருக்கு இடம் போதவில்லை.

திறப்பு விழா மே மாதம் முதல் வியாழக்கிழமை மதியம். கிளப் கூடுவது வியாழக்கிழமை என்பதால் வேறு நாள் யாருக்கும் தோன்றவில்லை. பெஞ்சில் முதல் ஆளாக ஆர்லிஸ் உட்கார வேண்டும் என்பது வெர்லினின் ஆசை. வியாழன் ஆர்லிஸ் மார்ஸ்டனுக்குப் போகிற நாள் என்று கோரின் ஃபோனில் சொன்னாள்.

"நீ கவலையே படாத. லீவெல்லாம் போடாத. விழா முடிஞ்ச கையோட நாம கூட்டிட்டுப் போயிடறோம்" என்றார் வெர்லின்.

கோரின் அந்தச் சொல்லை நம்பி வேலைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு வெயில் இருந்தது, காற்று மட்டும் கத்திபோல அடித்தது. நகரத் தலைவர் பேசினார். பள்ளி முதல்வர் பேசினார். வெர்லின் இருபது நிமிடம் பேசினார். ஆர்லிஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கிச் செருப்பு எதுவும் நுழையாததால், இறந்துபோன கணவருடைய கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாரப் பத்திரிகையின் புகைப்படக்காரர், "காலை மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கோங்க" என்றார். இழுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லமாட்டோம்; ஆர்லிஸும் எங்கள் ஊர்தான். வெர்லின் பெரிய கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினார். இன்னொரு முறை வெட்டுவதுபோல நிற்கச் சொன்னார்கள். நின்றார்.

அப்போது ஆர்லிஸ் மெல்லச் சொன்னார். "முடிஞ்சுதுன்னா யாராவது என்னைக் கொண்டுபோய் விடறீங்களா? ரெண்டு மணி வரைக்கும் எனக்கு இடம் வச்சிருப்பேன்னு நர்ஸ் சொல்லியிருக்கா."

அவருக்கு ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது. மணி ஒன்றாக ஐந்து நிமிடம். கடைசியாக மார்ஸ்டன் போனது போன சனிக்கிழமை.

மாய்ஸீ வெர்லினிடம் போனாள். "இன்னைக்கு யாரு கூட்டிட்டுப் போறது?"

"நாமதான்."

"நாமன்னா யாரு?"

பதினொரு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. வெர்லின் சிரித்தார். பிறகு வழக்கம்போலத் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தார். அன்று நடந்ததை நான் மறக்கமாட்டேன். அவர் நகரத் தலைவரைப் பார்த்தார். நகரத் தலைவர் பள்ளி முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தன் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். நாற்பத்தொரு பேரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பினோம், காற்று வீசினால் வயலில் கதிரெல்லாம் ஒரே பக்கம் சாயுமே, அந்த மாதிரி. அவரிடமிருந்து நாங்கள் நன்றாகவே பாடம் படித்திருந்தோம்.

"உங்க கார் இங்கதானே நிக்குது, மிஸ்டர் டால்பெர்க்" என்றாள் மாய்ஸீ. நின்றது. மூன்று வரிசை இருக்கை கொண்ட புது வண்டி. அவளே போய்ப் பின் கதவைத் திறந்தாள், ஆர்லிஸைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தாள், பெல்ட்டை மாட்டினாள்.

வெர்லினுக்கு வேறு வழியில்லை. முன்னால் வந்தார், கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார்.

"சாம், எனக்கு ஹைவேல வெயிலுக்குக் கண்ணு கூசும்" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

முப்பத்தெட்டு மைலும் அவர் எனக்கு வழி சொன்னார். நேர்ச் சாலை அது. ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாதி வழியில் வெர்லின் பின்னால் திரும்பி, "ஆர்லிஸ், நீங்க செவ்வாய்க்கிழமை போறதில்லன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னேனே. அந்தப் பொண்ணுகிட்ட."

"அது சரி. நான் சொல்றது, எங்ககிட்ட."

"அவ வந்து சொன்னாளாமே உங்ககிட்ட" என்றார் ஆர்லிஸ், கண்ணைத் திறக்காமலே. "நீ அழுதியாமே, வெர்லின்."

வெர்லின் முன்பக்கம் திரும்பி, நேராகப் போ என்றார் என்னிடம்.

ஒன்று ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் ஆர்லிஸின் காலை ஒரு விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, மேலே வரவே இல்லை. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா இங்க கூட்டிட்டு வந்திருக்க மாட்டீங்க. நேரா எமர்ஜென்சிதான், அதுவும் பிழைச்சிருந்தா" என்றாள். எங்கள் இருவரையும் பார்த்துத்தான் சொன்னாள். வெர்லின் என்னைப் பார்த்தார்.

நாலு மணி நேரம் வெளியே காத்திருந்தோம். முதல் அரை மணி வெர்லின் நாற்காலியில் சரிந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ குத்தியிருக்க வேண்டும், முகம் கறுத்திருந்தது. "சாம், நான் கெட்டவன் இல்லயே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதுவும் உண்மை. பிறகு எழுந்து காப்பி வாங்கிவந்தார். மேஜையில் பழைய பத்திரிகைகள் குவிந்து கிடந்ததைக் கவனித்தார். பக்கத்தில் காத்திருந்த ஒரு விவசாயியிடம், "நாம இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவரலாமே" என்றார். நான் கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் அந்த விவசாயியும் ஒரு நோயாளியின் அக்காவும் பத்திரிகைகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெர்லின் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றார்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டத்தில் மார்ஸ்டன் பயணத்தைப் பற்றிப் பேசினார். உருக்கமாகத்தான் பேசினார். 'நாங்கள் ஓட்டிச் சென்றபோது' என்று நாலு இடத்தில் வந்தது. பேசி முடித்து, "இனிமே ஒரு செவ்வாய்க்கிழமையும் நாம விடப்போறதில்ல" என்று வெள்ளைத் தாளைக் கையில் எடுத்தார்.

மாய்ஸீ அன்றைக்கும் வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய நாட்காட்டி. "தாள் வேணாம்" என்றாள். அவரெதிரில் போய் நின்றாள். "உங்களுக்கு எந்தச் செவ்வாய்?"

"நாம எல்லாருமாச் சேர்ந்து பேசி..."

"நீங்க. நீங்க மட்டும்."

அவர் இடமும் வலமும் பார்த்தார். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கோபமெல்லாம் இல்லை, பேருந்துக்கு நிற்கிற மாதிரி நின்றாள். குறிப்பில் அதை எப்படி எழுதுவது என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில், "ஜூன் பதினொண்ணு" என்றார் வெர்லின். அவள் எழுதிக்கொண்டாள். அடுத்த நாற்காலிக்கு வந்தாள். அதில் நான் இருந்தேன்.

இப்படி நாற்பத்தொரு நாற்காலி. இரண்டு பேர் கிளப்பிலிருந்து விலகிக்கொண்டார்கள். ஒருவருக்கு நிஜமாகவே கண் தெரியாது. மற்றவர்கள் ஓட்டுகிறார்கள். ஆர்லிஸ் இப்போது வாரம் மூன்று நாள் போகிறார். சொந்தச் செருப்பு நுழைகிறது. சாலையோரக் கடையில் நிறுத்தச் சொல்லி, தனக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிற சீஸை ஆசையாகப் பார்த்துவிட்டு வருகிறார்.

ஜூன் பதினொன்றாம் தேதி வெர்லின் போனார். தனியாக, தானே ஓட்டிக்கொண்டு. எப்படி இருந்தது என்று ஆர்லிஸிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் ஓட்டினான். கண்ணெல்லாம் கூசல" என்றார். "போகும்போது பேசவே இல்ல. வரும்போது, வழியில ஏதாவது வேணுமான்னு கேட்டான். கேட்டுட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தான். அதுதான் எனக்கு ஆச்சரியம்."

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். ஆனால் மாய்ஸீயின் நாட்காட்டியில் அவருக்கு இரண்டாவது முறை வந்தது. அன்றைக்கு மருமகனை அனுப்பினார். இலையுதிர் காலத்தில் மாநில மாநாட்டில், இளைஞர்களைத் தலைவர்களாக உருவாக்கியதற்காக லாந்தர் கிளப்புகளின் கூட்டமைப்பு அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தது. பரிந்துரைக் கடிதத்தை எழுதியவர் செயலாளர். எழுதச் சொன்னவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? கேடயம் கனமானது. மேடையிலிருந்து கார்வரை அதை மாய்ஸீதான் தூக்கிவந்தாள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குச் சந்தோஷம். உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர், அலுவலகத்தில் ஒருவர், சொந்தத்தில் ஒருவர் என்று இரண்டு மூன்று முகங்கள் கண்முன் வந்து போயிருக்கும். அப்படியே அச்சு அசல் அவர்தான் என்றுகூடத் தோன்றியிருக்கும். இதை அவசியம் அவருக்கு அனுப்பவேண்டும், படித்தாலாவது திருந்துகிறாரா பார்ப்போம் என்று ஃபோனைக் கையில் எடுத்திருந்தால், தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். திருந்துகிற வேலையையும் இன்னொருவரிடம் தள்ளிவிடப் பார்க்கிறீர்கள்.